ஒன்பது பேர் எழுதிய ஒரே பெரியப்பா

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டீக்கடையில், உளுந்த வடைக்கு அடியில் என் பெரியப்பாவின் சாவைப் பார்த்தேன்.

பதறாதீர்கள், விவரமாகவே சொல்கிறேன். வீட்டு மின் இணைப்புக்குப் பெயர் மாற்ற அங்கே மின்வாரிய ஆபீசுக்குப் போயிருந்தேன். மூன்றாவது நடை. ‘சார் சாப்பிடப் போயிருக்காரு’ என்று சொல்லிவிட்டார்கள். வெளியே வந்தால் மழை. தேரடிப் பக்கம் ஒரு கடையில் ஒதுங்கி டீ சொன்னேன். கடைக்காரர் பழைய ஜெராக்ஸ் தாள் ஒன்றைக் கிழித்து அதில் வடையை வைத்துக் கொடுத்தார். எண்ணெய் ஊறியதும் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. ஆங்கிலம். எந்தத் தாளைக் கண்டாலும் பிழை தேடுகிற வியாதி எனக்கு உண்டு. கல்யாணப் பத்திரிகையைக்கூட விடமாட்டேன். தேடினேன், பிழையே இல்லை. ‘ஹேவ் யூ எவர் லாஸ்ட் எ மேன் ஹூ நெவர் ரெய்ஸ்டு ஹிஸ் வாய்ஸ்?’ என்று ஆரம்பித்தது. அதற்குக் கீழே ஒரு சைக்கிள் கடை, கிரீஸ் படிந்த விரல்கள், மழைநாள், மாரடைப்பு. வாயில் இருந்த வடை இறங்கவில்லை. அத்தனையும் நான் எழுதியது.

பெயர் மட்டும் மாறியிருந்தது. நான் அங்கிள் ராமன் என்று வைத்திருந்தேன். இதில் அங்கிள் குமார். எட்டு வருஷமாக யார் யார் கைக்கோ போய், எந்தெந்த ஜெராக்ஸ் மிஷினிலோ படுத்தெழுந்து, அந்த மனுஷன் இன்னும் செத்துக்கொண்டே இருக்கிறார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எண்ணெய் சட்டையில் இறங்கி அதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

ஈரமான ஜெராக்ஸ் தாளுக்கு ஒரு வாடை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? எனக்கு அந்த வாடை வந்தால் பின்னாலேயே பூச்சிமருந்து வாடையும் வந்துவிடும். நான் முதன்முதலில் வேலை பார்த்த கோச்சிங் சென்டர் ராஜபாளையத்தில் ஓர் உரக்கடைக்கு மாடியில் இருந்தது. கீழே மூட்டை இறக்கும்போதெல்லாம் மேலே எல்லோருக்கும் தும்மல். வெளிநாடு போகிறவர்களுக்கு ஆங்கிலப் பரீட்சைப் பயிற்சி கொடுக்கிற இடம் அது. எனக்கு வயது இருபத்துநான்கு. எம்.ஏ. ஆங்கிலம் படித்திருந்தேன், மதுரையைத் தாண்டிப் போனதில்லை. இங்கிலாந்தில் பஸ் எப்படி நிற்கும் என்பதுவரை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அந்தப் பரீட்சையில் எழுத்துப் பகுதியில் கட்டாயம் ஒரு ‘ஆர்ட்டிக்கிள்’ எழுதவேண்டும். பத்திரிகைக்கு எழுதுகிற மாதிரி, படிக்கிறவரைக் கூப்பிட்டுப் பேசுகிற மாதிரி ஒரு கட்டுரை. முதல் நாள் ‘ஆர்ட்டிக்கிள்’ என்றதும் மொத்த வகுப்பும் ‘ஏ, ஆன், தி’ என்று கோரஸ் பாடியது. அது வேறு, இது வேறு என்று புரியவைக்கவே ஒரு வாரம். எழுதச் சொன்னால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று ஆங்கிலத்தில் தலைப்புப் போட்டு எழுதினார்கள். முடிவில் ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ என்று லீவ் லெட்டர் கையெழுத்து வேறு. சிரித்துச் சிரித்துத் திருத்துவேன். எனக்கு அன்றைக்குச் சிரிக்க நேரம் இருந்தது.

அந்த வகுப்பில் என்னைவிட வயதில் மூத்தவர் மும்தாஜ் அக்கா. முப்பத்தைந்து இருக்கும். ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். டியூட்டி முடிந்து வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே வகுப்புக்கு வருவார். ஒன்பது வயது மகள் ஆயிஷாவும் பள்ளிக்கூடம் விட்டுக் கூடவே வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அக்காவின் கணவர் மூன்று வருஷமாக வெளிநாட்டில் டிரைவர். அங்கே அவருடைய பேப்பரில் ஏதோ சிக்கல். ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது, போகாவிட்டால் இங்கே பிழைப்பு இல்லை. ஆனால் அக்கா நர்ஸாக அங்கே போய்விட்டால் குடும்பத்துக்கே விசா, சிக்கலும் தீரும். ஓர் ஆஸ்பத்திரி அவருக்கு வேலைக் கடிதம் கொடுத்திருந்தது. அந்த வருஷக் கடைசிக்குள் பரீட்சை பாஸாகிவிடவேண்டும், இல்லையென்றால் கடிதம் செல்லாது. இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் ஆர்ட்டிக்கிளில்தான் கொஞ்சத்தில் போயிருந்தது. இது மூன்றாவது, இதுதான் கடைசியும்.

‘நான் பாஸானாத்தான் இந்தப் புள்ள அத்தா மொகத்தப் பாக்கும், தம்பி’ என்று முதல் நாளே சொன்னார். ஏதோ மருந்துச் சீட்டை வாசிக்கிற குரலில்தான் சொன்னார்.

சென்டர் ஓனருக்கு வேறு கவலை. பாஸ் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, ‘எம்புட்டு நாளைக்குத் தம்பி இவங்களுக்கு எழுதச் சொல்லிக் குடுப்பிய? நீங்களே ஒண்ணு எழுதிக் குடுங்க. மனப்பாடம் பண்ணட்டும்’ என்றார்.

‘கேள்வி மாறுமே சார்.’

‘எந்தக் கேள்விக்கும் பொருந்துற மாதிரி எழுதுங்க. அதுக்குத்தான எம்.ஏ. படிச்சிருக்கிய?’

அந்தக் கடைசி வார்த்தையில் விழுந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். சந்தோஷத்தை எழுத எனக்கு ஆங்கிலம் போதவில்லை, சாவு சரளமாக வந்தது. யாரைச் சாகடிப்பது என்று யோசித்தேன். செட்டியார்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்த என் பெரியப்பா கண்ணில் பட்டார். நல்ல மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார், அப்போது உயிரோடும் இருந்தார். அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. சுற்றுச்சூழல் பற்றிக் கேள்வி வந்தால் பெரியப்பாவின் சைக்கிள் புகை விடாது. உடல்நலம் என்றால் மாரடைப்பு இருக்கிறது. தொழில்நுட்பம் என்றால் அவரிடம் செல்போன் இல்லை. பொழுதுபோக்கு, நட்பு, தைரியம், எதைக் கேட்டாலும் அவரைத் திருப்பி வைத்துவிடலாம். ஆங்கிலத்தில் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் ஒரே அங்கிள் என்பதும் வசதியாகப் போயிற்று. ஓனர் வாசித்துவிட்டு என் தோளைத் தட்டினார். கர்வமாக இருந்தது எனக்கு. அந்தக் கர்வத்தை இப்போது நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது.

மும்தாஜ் அக்கா மட்டும் அதை மனப்பாடம் செய்யவில்லை. சொந்தமாகவே ஒன்று எழுதி நோட்டில் கொண்டுவந்தார். கணவர் ஊரை விட்டுப் போன நாள். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு, மகள் தூங்கிப்போய் தோளில் கிடக்கிறாள், கணவர் அவளுடைய ஒரு செருப்பைக் காணாமல் பெஞ்சுக்கு அடியில் தேடுகிறார், பஸ் நகர்ந்துவிடுகிறது, ஓடிப்போய் ஏறுகிறார். படியில் நின்று சொல்கிறார்: ‘ஐ வில் கோ அண்ட் கம்.’

நான் சிவப்புப் பேனாவால் அதை அடித்தேன். ‘இங்கிலீஷ்ல இப்படி ஒரு வாக்கியமே கெடையாதுக்கா. ஐ ஆம் கோயிங். அம்புட்டுதான்.’

அக்கா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘போறேன்னு யாராச்சும் சொல்லுவாகளா தம்பி? ஊருக்குப் போற மனுசன் வாயில அது வரலாமா?’

‘இது பரீட்சைக்கா. திருத்துறவனுக்கு நம்ம சகுனமெல்லாம் தெரியாது.’

‘அப்ப ஸீ யூ சூன்னு போடவா?’ என்று அவரே கேட்டார். பிறகு அவரே தலையை ஆட்டினார். ‘வேண்டாம். அவிய அப்படிச் சொல்லல.’

எனக்கு எரிச்சலாக வந்தது. மார்க் போய்விடும் என்கிறேன், இந்தம்மா புருஷன் சொன்ன வாக்கியத்தைக் காப்பாற்றுகிறாரே என்று. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் அதுவரை திருத்திய கட்டுரைகளிலேயே அந்த ஒன்றில்தான் ஒரு செருப்பு இருந்தது. அது நல்ல கட்டுரை என்று எனக்கு அன்றைக்கே தெரிந்தது. சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம் பெரியப்பாவே சென்டருக்கு வந்துவிட்டார். காலையில் அவர் கடையில் நான் மறந்து வைத்துவிட்ட போனைக் கொடுக்க வந்தார். வாசலில் நின்றவரின் விரல்களில் கிரீஸ். வகுப்பு முழுக்க அவரையே பார்த்தது. தேவதானத்துப் பையன் ஒருவன் எழுந்து, ‘சார், செத்துப்போன அங்கிள் இவியதானா?’ என்று கேட்டுவிட்டான்.

‘ஏலே, என்னலே சொல்லுதான் இவன்?’ என்றார் பெரியப்பா.

மழுப்ப முடியவில்லை, சொன்னேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார். ‘எப்படில செத்தேன்?’

‘மாரடைப்புல பெரியப்பா.’

‘ரொம்ப வலிச்சுச்சோ?’ என்று கேட்டார். போனை என் கையில் கொடுத்துவிட்டு, ‘சரி, வாரேன்’ என்று கிளம்பினார். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். அதற்கு முன்னால் அவர் கைப்பிடி பிடித்து நான் பார்த்ததில்லை.

வகுப்பு முடிந்ததும் மும்தாஜ் அக்கா என் மேஜைக்கு வந்தார். ‘இருக்கவகள இல்லன்னு எழுதாதிய தம்பி. நாங்க வார்டுல அந்த வார்த்தைய எம்புட்டுப் பாத்துச் சொல்லுவோம் தெரியுமா?’

‘இங்கிலீஷ்லதானக்கா செத்திருக்காரு. தமிழ்ல குத்துக்கல்லாட்டம் இருக்காருல்ல?’ என்றேன். பெரிய நகைச்சுவை என்று நினைப்பு. அக்கா சிரிக்கவில்லை.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கையில் அவர் மாதிரித் தேர்வில் மறுபடியும் குறைவாக வாங்கினார். நான் பிடித்துக்கொண்டேன். ஆயிஷாவைக் காட்டியே பேசினேன். ‘உங்க வீம்புக்காக இந்தப் புள்ள இன்னும் எத்தன வருசம் போன்லயே அத்தாவப் பாக்கணும்?’ என்று கேட்டேன். கேட்டேன், இந்த வாயால்தான் கேட்டேன். அவர் பெரியப்பா கட்டுரையின் ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து வார்டில் டிரிப் மாற்றும்போதும் அதை முணுமுணுக்கிறார் என்று கூட வேலை பார்க்கும் பெண் சொன்னாள். நோயாளி ஒருவர், ஏதோ ஓதுகிறார் என்று நினைத்துக் கும்பிட்டாராம்.

பரீட்சை மதுரையில். கம்ப்யூட்டரில் அடிக்கவேண்டும். எங்கள் சென்டரிலிருந்து ஒன்பது பேர். சாயங்காலம் அக்கா போன் செய்தார். பஸ் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது.

‘ஆர்ட்டிக்கிளுக்கு என்ன கேட்டிருந்தான் தெரியுமா தம்பி? மறக்க முடியாத ஒரு வழியனுப்பு.’

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ‘அல்வா மாதிரியில்ல வந்திருக்கு! உங்க பஸ் ஸ்டாண்டு கட்டுரையத்தானக்கா எழுதினிய?’

‘அதத்தான் அடிச்சேன். செருப்பத் தேடுறது வரைக்கும் அடிச்சுட்டேன். கோ அண்ட் கம் வந்ததும் ஒங்க செவப்புக் கோடு கண்ணு முன்னால வந்துச்சு. தப்பாப் போயிருமோன்னு பயந்துட்டேன். அம்புட்டையும் அழிச்சிட்டு ஒங்க பெரியப்பாவ அடிச்சிட்டேன்.’

நல்லது செய்தீர்கள் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல? அப்புறம் மற்ற எட்டுப் பேரும் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். எல்லோருக்கும் ஒரே குஷி. கேள்வி சுலபமாம், அங்கிளைத் தூக்கி வழியனுப்பிவிட்டார்களாம். ஏழாவது ஆள் பேசும்போதே எனக்கு வியர்த்துவிட்டது. ஒரே ஊர், ஒரே நாள், ஒரே அறை. ஒன்பது பேருக்கும் ஒரே அங்கிள், ஒரே மழையில், ஒரே மாரடைப்பில் செத்திருக்கிறார். திருத்துகிறவன் கண்ணை மூடிக்கொண்டா திருத்துவான்? ஓனரிடம் சொன்னேன். ‘வெள்ளக்காரனுக்கு அதெல்லாம் தெரியாது தம்பி’ என்று சிரித்தார். நான் அக்காவிடம் சொன்ன அதே வார்த்தை.

ரிசல்ட் வரவேண்டிய நாளில் ரிசல்ட் வரவில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்று மட்டும் வந்தது, ஒன்பது பேருக்கும். அக்கா தினமும் வகுப்புக்கு வந்தார். பாடம் முடிந்திருந்தும் வந்தார். எதுவும் கேட்கமாட்டார், உட்கார்ந்திருப்பார். ஆயிஷாவும் பின்னால் உட்கார்ந்து ஒரு தாளில் பெட்டிகள் வரைந்துகொண்டிருப்பாள். என்ன வரைகிறாய் என்று கேட்டேன். அத்தா இருக்கிற ஊருக்குக் கொண்டுபோகிற பெட்டியாம், எதில் எதை வைப்பது என்று எழுதிக்கொண்டிருக்கிறாளாம். நான் கீழே இறங்கிப் போய் உரக்கடை வாசலில் நின்றுகொண்டேன்.

மூன்றாவது வாரம் முடிவு வந்தது. மனப்பாடம் செய்த விடை, ஒன்பது முடிவுகளும் ரத்து, ஒரு வருஷத்துக்கு யாரும் பரீட்சை எழுத முடியாது. அக்காவின் வேலைக் கடிதத்துக்கு அப்போது இன்னும் பதினெட்டு நாள் உயிர் இருந்தது.

அக்கா அழவில்லை. நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். ‘இதப் படம் எடுத்து அனுப்புங்க தம்பி. நான் சொந்தமாவும் எழுதுவேன்னு பரீட்சை வைக்கிறவுகளுக்குச் சொல்லுங்க’ என்றார். என் வாழ்நாளில் நான் எழுதிய நல்ல ஆங்கிலம் அந்தக் கடிதம்தான். குற்றம் பயிற்சி கொடுத்தவன் மேல், எழுதியவர் மேல் இல்லை என்று என் பெயர் போட்டு எழுதினேன். நோட்டுப் பக்கத்தின் படத்தையும் சேர்த்தேன். செருப்பு இருந்தது, பஸ் இருந்தது, படியில் நின்ற மனுஷன் சொன்ன வாக்கியத்தின் மேல் என் சிவப்புக் கோடும் இருந்தது. மூன்றாம் நாள் பதில் வந்தது. முடிவில் மாற்றமில்லை. தாங்களும் முறையிட்டிருந்த மற்ற எட்டுப் பேருக்கு வந்த பதிலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து அதே கடிதம். மனப்பாடம் கூடாது என்பதை அவர்கள் மனப்பாடமாகச் சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்குச் சென்டர் படியில் இறங்கும்போது ஆயிஷா என்னிடம் கேட்டாள். ‘சார், எங்கள அத்தாகிட்டப் போக விடாமப் பண்ணது ஒங்க பெரியப்பாவா?’

‘இல்லம்மா, நான்தான்’ என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதன்பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

ஓனர் ஒரே வாரத்தில் போர்டைக் கழற்றிவிட்டார். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தப் போனேன். பெரியப்பா இரண்டு வருஷம் கழித்து, மழையில்லாத ஒரு சித்திரை மாதக் காலையில் போய்ச் சேர்ந்தார். படித்தவன் என்று கண்ணீர் அஞ்சலி பேனருக்கு நாலு வரி எழுதச் சொன்னார்கள். பேனாவைப் பிடித்தால் ‘ஹேவ் யூ எவர் லாஸ்ட்’ என்றே வருகிறது. எழுத முடியவில்லை, அழவும் முடியவில்லை. ஊரில் எல்லோரும் நான் கல்நெஞ்சுக்காரன் என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை.

எட்டு வருஷமாக மும்தாஜ் அக்கா இருக்கிற திசைக்கே நான் போகவில்லை. போன வாரம் அந்த வடைத் தாள் பையில் இருந்து உறுத்திக்கொண்டே இருந்தது. பெயர் மாற்றமும் ஆச்சு, மண்ணாங்கட்டியும் ஆச்சு என்று ராஜபாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். உரக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மாடிக்குப் போகிற படியையே சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி மட்டும் அங்கேயே இருந்தது. அக்காவும் இருந்தார், நரைத்திருந்தார்.

‘வாங்க தம்பி’ என்றார், நேற்றுப் பார்த்தவர் மாதிரி. வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

‘மச்சான் வந்துட்டாக’ என்றார், கணவரைத்தான். ‘போன நோம்புக்கு முந்தி. அங்க வேல இல்லன்னு அனுப்பிட்டான்.’

‘நல்லதுக்கா. ஆயிஷாவுக்குச் சந்தோசமா இருந்திருக்குமே?’

அக்கா கையில் இருந்த பஞ்சு உருண்டையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். ‘அந்த ரிசல்ட்டுக்குப் பொறவு அவ போன்ல அத்தா முன்னால வரவே மாட்டேன்னுட்டா, தம்பி. போட்டோ எடுத்தாலும் மூஞ்சத் திருப்பிக்கிருவா. நாமதான் போக முடியல, அத்தா வரலாம்லன்னு சின்னப்புள்ளக் கோவந்தான், போயிரும்னு இருந்தேன். அது பெரியபுள்ளக் கோவமாப் போச்சு. அவிய போன்ல நாலாங்கிளாஸ் யூனிபார்ம் போட்ட படந்தான் இருந்துச்சு.’

‘ம்.’

‘வந்த அன்னைக்குக் கதவத் தட்டுனாக. அவதான் போயித் தெறந்தா. பதினேழு வயசு, என்னவிட ஒசரம், முக்காடு வேற போட்டிருந்தா. அவிய பையக் கீழ வச்சிட்டு அவகிட்டயே கேட்டாக, ஆயிஷா இல்லையாம்மான்னு.’

‘அவ என்னக்கா சொன்னா?’

‘இருங்க, கூப்பிடுதேன்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டா.’

உள்ளே யாரோ நர்ஸைக் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்து போனார். நான் உட்கார்ந்திருந்தேன். வாசலில் நின்று அத்தா கேட்ட ஆயிஷாவை நான் பார்த்திருக்கிறேன். ஓரப் பல் ஒன்று விழுந்திருக்கும், இரட்டைச் சடையில் ஒன்று எப்போதும் அவிழ்ந்திருக்கும், எழுதும்போது நாக்கைத் துருத்திக்கொள்வாள், சந்தேகம் கேட்க ஒற்றை விரலைத் தூக்குவாள். ஆறு மாதம், வாரத்துக்கு ஆறு நாள், அவளை உட்கார்ந்து பார்த்தவன் நான். அந்தப் பிள்ளையை இனி யார் போய்க் கூப்பிடுவது?